தனிஊசல் சோதனையில் பிழையையும் அளப்பது எப்படி?

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் செய்முறை எடுப்பவன் நான். இயற்பியல், வேதியியல், வானியல் போன்றவற்றைத் துல்லிய அறிவியல் என்கிறோம். அவற்றில் பிழையே வராது என்பதால் அல்ல. எவ்வளவு பிழை வரலாம் என்பதையும் எண்ணாகச் சொல்ல முடிவதால். இது கையால் செய்து பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

நூலில் தொங்கும் குண்டுதான் தனிஊசல். அதை ஆடவிட்டுப் புவியீர்ப்பு முடுக்கத்தை (g) அளக்கப்போகிறோம். உலோகக் குண்டு, மெல்லிய நூல், மீட்டர் அளவுகோல், ஸ்டாப்வாட்ச் போதும். நூலை ஆணியில் சுற்றாதீர்கள், ஆடும்போது தொங்கும் புள்ளி நகரும். பிளந்த தக்கைக்கு நடுவே இறுகப் பிடிக்கட்டும். அங்கிருந்து குண்டின் மையம் வரை 100 செ.மீ. வையுங்கள். குண்டின் அடிவரை அளந்துவிடுகிற பிள்ளைகள்தான் அதிகம். ஐந்து டிகிரிக்கு மேல் இழுக்க வேண்டாம்.

குண்டு நடுக்கோட்டைக் கடக்கும்போது பட்டனை அழுத்தி, பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுங்கள். ஒருமுறை போய்த் திரும்பினால் ஓர் அலைவு. 20 அலைவுக்கு 40.2 வினாடி வந்ததாக வைத்துக்கொள்வோம். ஓர் அலைவுக்கு 2.01. பை (π) என்ற எண்ணின் வர்க்கத்தை 4 ஆல் பெருக்கினால் 39.48, அதை மீட்டரில் உள்ள நீளத்தால் பெருக்கி, 2.01இன் வர்க்கத்தால் வகுத்தால் g கிடைக்கும்: 9.77 மீ/வி².

சரி, இது பாதி வேலைதான். விரல் 0.2 வினாடி முன்பின் ஆகலாம். அது 40.2இல் அரை சதவீதம். நேரம் வர்க்கமாக வருவதால் விடையில் 1 சதவீதம். நீளத்தில் 1 மி.மீ. பிசகினால் 0.1 சதவீதம்தான். ஆக விடை 9.77 ± 0.10. ஒரே ஓர் அலைவை அளந்திருந்தால் அதே 0.2 வினாடி விடையைக் கிட்டத்தட்ட 2 வரை தள்ளிவிடும்! எங்கே உழைக்க வேண்டும் என்று பிழைக் கணக்கே காட்டிக்கொடுக்கிற இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். புத்தகத்தில் 9.8 இருக்கிறதே என்று நோட்டில் திருத்தி எழுதாதீர்கள். சென்னையில் உண்மை மதிப்பே 9.78 பக்கம்தான்.

பெரிய கணக்குகளிலும் இதுவே முறை. ஹாலி வால்நட்சத்திரம் 1759 ஏப்ரல் நடுவில் சூரியனை நெருங்கும், ஒரு மாதம் முன்பின் ஆகலாம் என்று 1758 நவம்பரில் பாரீஸில் அறிவித்தார் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கிளேரோ. வியாழனும் சனியும் அதை இழுப்பதைக் கணக்கிட வானியலாளர்களான லாலாந்தும் நிக்கோல்-ரேன் லெப்போட்டும் மாதக்கணக்கில் உடன் உழைத்தார்கள். அது நெருங்கியது மார்ச் 13இல், அவர் சொன்ன எல்லையின் விளிம்பில். அந்த ஒரு மாதத்தைச் சொன்னதற்காகவே அவரை மதிக்கிறேன்.

அடுத்து 50 அலைவு எடுத்துப் பாருங்கள். நேரத்தால் வரும் பிழை 0.4 சதவீதமாக இறங்கும். அப்புறம் நூலின் நீளத்தையும் கவனமாக அளந்தாக வேண்டும்.