ஹாமுக்கு கிளேஸ் பூசுவது எப்படி: வழிந்து ஓடாமல், கருகாமல்

ஹாம் என்பது உப்பில் பதப்படுத்திய பன்றிப் பின்தொடை. ஐரோப்பாவில் குளிர் தொடங்கும்போது பன்றியை அறுத்துத் தொடையை உப்பிட்டு வைப்பார்கள். கிறிஸ்துமஸுக்கோ ஈஸ்டருக்கோ எடுப்பார்கள். அந்த உப்பை அடக்கத்தான் கிளேஸ் என்னும் இனிப்புப் பூச்சு. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோலை உரித்து ரொட்டித்தூள் தூவுவதே வழக்கம். அன்னாசி வளையமும் செர்ரியும் அமெரிக்காவில் டப்பா அன்னாசி பெருகிய பிறகு வந்தவை. படத்துக்கு அழகுதான். ஆனால் வளையத்தின் ஈரத்தால் அடியில் இருக்கும் கொழுப்பு சிவக்காது. நான் வைக்க மாட்டேன்.

வேக வைத்து விற்கும், எலும்போடு கூடிய 3 கிலோ ஹாமுக்கான கிளேஸ் அளவு இது: பிரவுன் சுகர் 150 கிராம், ஆரஞ்சு மார்மலேட் (தோலோடு காய்ச்சிய ஜாம்) 3 மேசைக்கரண்டி, டிஜான் கடுகு விழுது 2, வினிகர் 2. தேனைவிட மார்மலேட் நல்லது. அதன் கசப்பு திகட்டலைக் குறைக்கும்.

வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஃபாயிலால் இறுக மூடி, ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம் சூடாக்குங்கள். கடிகாரத்தை நம்பாதீர்கள், இறைச்சி தெர்மாமீட்டர் வாங்குங்கள். எலும்பில் படாமல் நடுவில் குத்தும்போது 50 டிகிரி காட்டினால் வெளியே எடுக்கலாம்.

தோலை உரியுங்கள். அரை சென்டிமீட்டர் கொழுப்பு மிஞ்ச வேண்டும். அதில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கோடுகள் சந்திக்கும் இடங்களில் கிராம்பு குத்துங்கள். கத்தி சதையைத் தொட்டால் சாறு வெளியேறும், கட்டங்களும் பிளந்து விரியும்.

பலரும் கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில்தான். கொழுப்பின் மேல் உருகிய கொழுப்பும் நீரும் பளபளவென்று நிற்கும். அப்படியே பூசினால் கிளேஸ் முழுக்கத் தட்டில் போய்ச் சேரும். பேப்பர் டவலால் ஒற்றி ஒற்றி எடுங்கள், தொட்டால் விரலில் ஈரம் ஒட்டாமல் போகும் வரை. கிளேஸையும் தண்ணீராக விடக் கூடாது. சிறு தீயில் காய்ச்சி, கரண்டியின் பின்புறம் விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் பதம் சரி. கம்பிப் பதம் வரை விட்டால் ஆறியதும் மிட்டாயாக இறுகி, பிரஷ் நகராது.

தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டுப் புது ஃபாயில் விரியுங்கள். இல்லாவிட்டால் கருகிய சர்க்கரையைச் சுரண்டியே பொழுது போகும். ஓவனை 200 டிகிரிக்கு ஏற்றி, எட்டு நிமிடத்துக்கு ஒரு முறை என மூன்று கோட்டிங். ஆரம்பத்திலேயே பூசினால் உள்ளே சூடேறும் முன் வெளியே கரியாகிவிடும். ஏதாவது ஒரு மூலை கறுத்தால் அங்கே மட்டும் ஃபாயில் துண்டை ஒட்டுங்கள். நடுவில் 60 டிகிரி வந்ததும் எடுத்து, வெட்டுவதற்கு முன் 15 நிமிடம் ஆற விடுங்கள்.

பின்சேர்க்கை: சுருளாக வெட்டிய ஹாமுக்கு (அந்த இயந்திரத்துக்கு அமெரிக்காவில் 1952இல் காப்புரிமை கிடைத்தது) இந்தச் சூடு ஆகாது, துண்டுகள் ஓரத்தில் காய்ந்துபோகும். 140 டிகிரியில் மூடியே சூடாக்கி, கடைசிப் பத்து நிமிடம் மட்டும் திறந்து பூசுங்கள். பிரிட்டனில் ‘கேமன்’ என்று விற்பது உப்பிட்ட பச்சை இறைச்சி. அதை முதலில் நீரில் முழுதாக வேக வைத்த பிறகே கிளேஸ்.