விட்ட இடம் எங்கே? சிறிய வாசிப்புச் செயலி நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு வாசிப்புச் செயலியை உருவாக்குவது இன்றைக்கு அதிசயமில்லை. பகலில் இலந்தைக்குளத்திலோ வடபழஞ்சியிலோ உள்ள ஐடி பூங்காவில் வேலை, இரவில் சொந்தச் செயலி. நன்றாகத்தான் தொடங்குகிறார்கள். பிறகு பெரிய நிறுவனங்களின் செயலிகளைப் பார்த்து, புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாக, தினசரி இலக்கு, பதக்கம், நண்பர் பட்டியல், நேரத்துக்கு நேரம் அறிவிப்பு என்று அடுக்கிவிடுகிறார்கள். எல்லாம் இருக்கும், வாசகர் நேற்று படித்து நிறுத்திய இடம் மட்டும் இன்று இருக்காது. என்னைக் கேட்டால், எழுத்து ஒழுங்காகத் தெரிவதும் விட்ட இடம் தொலையாமல் இருப்பதும் உறுதியாகும்வரை வேறு எந்த வசதியையும் தொடவே கூடாது.

விட்ட இடத்தைப் பக்க எண்ணாகச் சேமிப்பதுதான் முதல் தவறு. அச்சுப் புத்தகத்தில் 112-ஆம் பக்கம் என்றைக்கும் 112-ஆம் பக்கம். திரையில் அப்படி இல்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கங்கள் கூடும். நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் கைப்பேசியைக் காட்டிச் சொன்னார்: "தம்பி, கண் தெரியவில்லை என்று எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். நேற்றுச் செத்துப்போனவர் இன்று எழுந்து உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்." அவர் படித்து முடித்த பகுதிக்கே செயலி அவரைத் திருப்பி அனுப்பியிருந்தது.

புத்தகத்தின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது எழுத்து என்று குறித்துக்கொண்டால் தீருமா? தீராது. நாளைக்கு நீங்கள் முதல் அத்தியாயத்தில் ஒரு பிழையைத் திருத்தினாலும் பின்னால் உள்ள எல்லா எண்ணும் நகர்ந்துவிடும். ஒவ்வொரு பத்திக்கும் மாறாத ஓர் அடையாள எண் கொடுங்கள். அந்தப் பத்திக்குள் எத்தனையாவது எழுத்து என்பதையும், அந்த இடத்தைச் சுற்றியுள்ள நாலைந்து சொற்களையும் சேர்த்துச் சேமியுங்கள். எண் பிசகினாலும் சொற்களை வைத்துத் தேடி இடத்தைப் பிடித்துவிடலாம். அடிக்கோடுகளுக்கும் குறிப்புகளுக்கும் இதே முறைதான்.

புதிய பதிப்பைச் சோதிக்கும்போது பலர் செயலியை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவிப் பார்க்கிறார்கள். அது வேலை செய்யத்தான் செய்யும். வாசகர் யாரும் அப்படி நிறுவுவதில்லை. ஆறு மாதக் குறிப்புகள் நிறைந்த பழைய பதிப்பின் மேலேயே புதியதைப் போட்டுப் பார்க்க வேண்டும். கூகுள் பிளேயில் முதலில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கும் வசதி இருக்கிறது. கோளாறு தெரிந்தால் அங்கேயே நிறுத்தலாம். ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டதைத் திரும்ப இழுக்க முடியாது. அதைவிட உயர்ந்த எண்ணுள்ள இன்னொரு பதிப்பைத்தான் அனுப்பியாக வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு வெளியிட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது தமிழ் எழுத்து. ஆங்கிலத்துக்கென்று எழுதப்பட்ட தேடுபொறியை அப்படியே பொருத்திவிட்டு, "தமிழுக்கும் வேலை செய்கிறது" என்று மகிழ்வது பரவலான தவறு. ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் கணினியில் ஓர் எண் தரும் யூனிகோடு முறையில் 'கொ' என்பதை ஒரே துணைக்குறியாலும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. புத்தகத்தையும் தேடும் சொல்லையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சீராக்கத்தைச் செய்தால் இந்தச் சிக்கல் போய்விடும். 'கௌரவம்' அப்படிப் போகாது. பாதிப் பேர் கொம்பும் ளகரமும் சேர்த்துக் 'கெளரவம்' என்றுதான் தட்டுகிறார்கள். சரி, கெள வருகிற இடமெல்லாம் கௌ என்று மாற்றிவிடலாம் என்று கிளம்பினால் கெளுத்தி மீன் செத்தது. மற்ற எழுத்துகளுக்கும் அதையே செய்தால் வெள்ளி, தெளிவு எல்லாம் சிதைந்துவிடும். இதற்குச் சொற்பட்டியல் வைத்துத்தான் திருத்த வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

'மரம்' என்று தேடினால் 'மரத்தடியில்' வர வேண்டும் என்றே வாசகர் எதிர்பார்க்கிறார். வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லே மாறிவிடும் மொழி இது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் பாதியைத் தவறவிடும். நூற்பட்டியலின் அகர வரிசையையும் கவனியுங்கள். யூனிகோடு எண் வரிசையில் ரகரத்தை அடுத்து றகரமும், நகரத்தை அடுத்து னகரமும் நிற்கின்றன. நம் அகராதியில் ற, ன இரண்டும் கடைசியில். தலைப்பு நீளமாக இருக்கிறது என்று எண்ணி வெட்டுவதும் ஆபத்து: 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறியீடு. நான்கோடு வெட்டினால் புள்ளி விழுந்து 'தமிழ' என்று நிற்கும்.

பழைய நூல்களை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரியில் போடுகிறவர்கள் 1978-ஐ மறக்கக் கூடாது. அந்த ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, லை, னை போன்றவை வேறு வடிவில் இருக்கும். அங்கேயெல்லாம் கருவி தடுமாறும். துணைக்காலை ரகரமாகவும், எகரத்தைத் தமிழ் எண் ஏழாகவும் எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருப்பதால் மெய்ப்புப் பார்ப்பவரின் கண்ணுக்கும் அது தப்பிவிடும்.

உசிலம்பட்டியிலிருந்து தேனிக்குப் பஸ்ஸில் போகிறவர் கணவாய்ப் பக்கம் சிக்னல் இழந்தாலும் கதையை இழக்கக் கூடாது. புத்தகம் முழுவதும் கைப்பேசிக்குள் இறங்கியிருக்கட்டும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பதிப்புரிமையில் நம் ஆட்களுக்கு ஒரு விசித்திரமான துணிச்சல் உண்டு: இணையத்தில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று. இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் வாழ்நாளில் வெளியான நூலுக்கு அவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமை உண்டு; மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து கணக்கு. 1966-இல் மறைந்தவரின் எழுத்தை 2027 ஜனவரி 1 முதல்தான் அனுமதியின்றி வெளியிடலாம். சங்கப் பாடலுக்கு உரிமை கோர யாருமில்லை. ஆனால் அதற்கு அண்மையில் எழுதப்பட்ட உரைக்கு உரியவர் இருக்கிறார். மொழிபெயர்ப்புக்கும் அட்டைப்படத்துக்கும் அப்படியே. அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் தனி வகை. பட்டியலில் பெயரைச் சரிபார்த்துவிட்டுத் தொடுங்கள்.

கதை படிப்பதற்கு வாசகரின் கைப்பேசி எண்ணும் பிறந்த தேதியும் எதற்கு? 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. கேட்காத தகவலைக் காக்க வேண்டிய தலைவலி இல்லை.

கருத்துக் கேட்பதிலும் தவறு நடக்கிறது. கூகுள் பிளேயில் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குகிறவர், வெளியிடுவதற்கு முன் குறைந்தது 12 பேரைத் தொடர்ந்து 14 நாள் சோதனையில் வைத்திருக்க வேண்டும். உடனே சித்தப்பா, மாமா, மச்சினன் என்று எண்ணிக்கையை நிரப்பிவிடுகிறார்கள். கேட்டால் எல்லோரும் "நன்றாக இருக்கிறது" என்பார்கள். நம் ஊரில் முகத்துக்கு நேரே வேறு எதுவும் சொல்ல மாட்டார்கள். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது முன்பின் தெரியாத ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, "இந்தக் கதையை எடுத்துப் படியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். விரல் எங்கே தயங்குகிறது என்று பார்த்தால் போதும். "அது அங்கே இல்லை அண்ணே, மேலே" என்று நீங்கள் சொல்ல நேர்ந்தால் அந்தப் பொத்தான் தவறான இடத்தில் இருக்கிறது.

கடைசியாகக் கணக்கு வழக்கு. ஆண்டுச் சந்தா, சர்வர், இணையப் பெயர், மின்னஞ்சல் எல்லாம் யாரோ ஒரு நண்பரின் சொந்தப் பெயரில் இருக்கும். அவர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போவார், பழைய எண்ணை விட்டுவிடுவார். உள்நுழைவதற்கான ரகசிய எண் அந்த எண்ணுக்குத்தான் போகும். புதிய பதிப்பு உங்களுடையதுதான் என்று காட்டச் செயலிக்கு மின்னணுக் கையெழுத்திடும் சாவிக் கோப்பும் அவருடைய பழைய மடிக்கணினியில் கிடக்கும். அவர் இன்னும் ஊரில் இருக்கும்போதே கணக்கில் இரண்டாவது ஆளைச் சேருங்கள். சாவிக் கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள். அப்படியே, வாசகர்கள் தங்கள் குறிப்புகளை ஒரு சாதாரண உரைக் கோப்பாக எடுத்துக்கொள்ள ஒரு பொத்தானும் வைத்துவிடுங்கள். ஒரு நாள் வேலைதான்.