மாம்பழ சீசன் முடிந்த பிறகு வாட்ஸ்அப்பில் என்ன போடுவது? தொகுத்துப் பகிரும் வேலை, படிப்படியாக

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழம் விற்கிறவர்களுக்கு ஏப்ரல் முதல் ஜூலை வரை போன் ஓயாது. செந்தூரா, பங்கனப்பள்ளி, அல்போன்சா என்று ரகம் ரகமாக ஓடி நீலத்தில் வந்து நிற்கும். அப்புறம் எட்டு மாதத்துக்குச் சத்தமே இருக்காது. பெங்களூரிலும் சென்னையிலும் பெட்டி வாங்கியவர்கள் நம் நம்பரை “மேங்கோ கிருஷ்ணகிரி” என்று சேவ் செய்துவிட்டு மறந்துபோவார்கள். அடுத்த ஏப்ரலில் “சீசன் தொடங்கிவிட்டது” என்று மெசேஜ் போட்டால், “யாருங்க நீங்க?” என்று பதில் வரும்.

இந்த எட்டு மாதத்தையும் சொந்தச் சரக்கை வைத்தே நிரப்ப முடியாது. தினமும் தோட்டத்து போட்டோ போட்டால் நமக்கே சலித்துவிடும். கன்டென்ட் கியூரேஷன் என்று மார்க்கெட்டிங்காரர்கள் சொல்லும் வேலை இங்கேதான் கைகொடுக்கிறது. மற்றவர்கள் ஏற்கெனவே எழுதியதிலிருந்து நம் வாடிக்கையாளருக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுத்து, யாருடையது என்று சொல்லி, நம் பங்குக்கு நாலு வரி சேர்த்துக் கொடுப்பது. அந்த நாலு வரி இல்லாவிட்டால், குடும்ப குரூப்பில் குட் மார்னிங் பூ அனுப்பும் சித்தப்பாவுக்கும் நமக்கும் வித்தியாசமில்லை.

காசு செலவு கிடையாது. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப், ஒரு ஜிமெயில் கணக்கு, வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். மாம்பழத்தை வைத்துச் சொல்கிறேன். தர்மபுரியில் ராகி மாவு, சாமை, புளி விற்கிறவர்களுக்கும் வேலை இதேதான்.

படி 1: உங்களிடம் கேட்ட கேள்விகளை எழுதுங்கள்

எதைப் பகிர்வது என்று யோசிப்பதற்கு முன், போன சீசனின் சாட்களைத் திறந்து வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “அண்ணா, இது கல்லு வெச்ச பழமா?” (கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்ததா என்று அர்த்தம்) “பெட்டி வந்ததும் ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?” “மல்கோவா எப்ப வரும்?” “சுகர் இருக்கு, சாப்பிடலாமா?”

இந்த நோட்டில் உள்ள ஏதாவது ஒரு கேள்வியைத் தொடும் செய்தியை மட்டும் எடுங்கள். மற்றது எவ்வளவு சுவாரசியமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

படி 2: எங்கிருந்து எடுப்பது?

ஐந்தாறு இடம் போதும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் தளம் தமிழிலேயே இருக்கிறது. மா சாகுபடி, பூச்சி, நோய் எல்லாம் அதில் கிடைக்கும். வானிலைக்குச் சென்னை வானிலை ஆய்வு மையம். சந்தை விலைக்குத் தமிழக அரசின் உழவன் ஆப். உணவுப் பாதுகாப்புக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம். அப்புறம் நாளிதழ்களின் மாவட்டப் பக்கம். ஆண்டுதோறும் கிருஷ்ணகிரியில் நடக்கும் மாங்கனிக் கண்காட்சி பற்றிய செய்திகள் அதில்தான் முதலில் வரும்.

இதையெல்லாம் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கூகுள் அலர்ட்ஸ் பக்கத்தைத் திறந்து “கிருஷ்ணகிரி மா விவசாயிகள்”, “மாங்கூழ்” போன்ற சொற்களைத் தனித்தனியாகக் கொடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை அனுப்பு என்று தேர்ந்தெடுத்தால் போதும், புதிதாக வருவது ஜிமெயிலுக்கு வந்து சேரும். “மாம்பழம்” என்று மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சமையல் குறிப்புகளாகக் கொட்டும்.

படி 3: சேர்த்து வைக்க ஓர் இடம்

வாட்ஸ்அப்பில் உங்கள் நம்பருக்கே மெசேஜ் அனுப்பிக்கொள்ளும் வசதி இருக்கிறது. பார்க்கும் லிங்க்கை அங்கே போட்டு, எந்தக் கேள்விக்கு இது பதில் என்று ஒரு வார்த்தை பக்கத்தில் எழுதிவையுங்கள். அவ்வளவுதான்.

படி 4: சலிப்பது

உண்மையான வேலை இதுதான். பத்து எடுத்தால் எட்டு கழிய வேண்டும்.

ஒவ்வொரு சீசனிலும் சுற்றும் ஃபார்வர்டு ஒன்றைப் பாருங்கள்: மாம்பழத்தைத் தண்ணீரில் போடுங்கள், மூழ்கினால் இயற்கையாகப் பழுத்தது, மிதந்தால் கார்பைடு. கேட்க நன்றாக இருக்கிறது, செய்து பார்க்கவும் சுலபம். ஆனால் மூழ்குவதும் மிதப்பதும் காய் எவ்வளவு விளைந்தது என்பதைப் பொறுத்தது. நன்றாக விளைந்த காய் மூழ்கும், விளையாத காய் மிதக்கும். அவசரமாகப் பறித்த இளங்காயைக் கல்லு வைத்துப் பழுக்க வைப்பவர்கள் இருப்பதால் இந்த நம்பிக்கை வந்திருக்கலாம். அதற்காகத் தண்ணீர்ச் சட்டி கார்பைடைக் கண்டுபிடிக்காது. இதை நீங்கள் அனுப்பினால், நாளைக்கு உங்கள் பெட்டியிலேயே ஒரு பழம் மிதக்கும்போது போட்டோ எடுத்து உங்களுக்கே அனுப்புவார்கள்.

அதே கேள்விக்குப் பகிரத் தகுந்தது எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்வது. கால்சியம் கார்பைடை வைத்துப் பழுக்க வைக்க 2011-ஆம் ஆண்டின் விதிமுறைகளிலேயே தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரை அனுமதி உண்டு. இந்த இரண்டு வரியில், தடை செய்தது எது, அனுமதித்தது எது என்று வாடிக்கையாளருக்குத் தெளிவாகிவிடும்.

தேதியையும் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய விலைச் செய்தி இன்றைய செய்தியாக வலம் வருவது சர்வ சாதாரணம். மாம்பழம் சாப்பிட்டுக் கூல்டிரிங்க்ஸ் குடித்தவர் செத்துப்போனார் என்ற கதைக்கு வயதே ஆகாது, ஒவ்வொரு மே மாதமும் புதிதாகப் பிறக்கும்.

நோய் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும், முக்கியமாக ராகி, சாமை விற்கிறவர்களுக்கு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. இதைத் தாராளமாகச் சொல்லலாம். “ராகி சாப்பிட்டால் சர்க்கரை நோய் குணமாகும்” என்பதை மட்டும், யார் எழுதியிருந்தாலும் சரி, பகிராதீர்கள். பொருளை விற்கிறவர் அதை அனுப்பினால் விளம்பரம் ஆகிவிடும். உணவு நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 2018-இல் வந்த எஃப்எஸ்எஸ்ஏஐ விளம்பர விதிமுறைகள் அனுமதிப்பதில்லை.

படி 5: அந்த நாலு வரி

கிருஷ்ணகிரிக்காரர்கள் எல்லாரும் சந்தித்திருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதம் பேப்பரில் “மாங்காய் விலை வீழ்ச்சி, விவசாயிகள் வேதனை” என்று வரும். பெங்களூரில் இருக்கும் வாடிக்கையாளர் அதைப் படித்துவிட்டு, அங்கே விலை இப்படிக் கிடக்கிறது, நீங்கள் ஏன் இவ்வளவு சொல்கிறீர்கள் என்று கேட்பார். பலர் கேட்கக்கூட மாட்டார்கள், மனதில் வைத்துக்கொண்டு வேறு இடத்தில் வாங்குவார்கள். அதனால் அந்தச் செய்தியை மறைக்கப் பார்க்காமல் நீங்களே பகிர்வது நல்லது. இப்படி:

“இன்றைய பேப்பரில் நம் மாவட்டத்து மாங்காய் விலை பற்றிச் செய்தி வந்திருக்கிறது. லிங்க் கீழே. இது கூழ் ஆலைகளுக்கு டன் கணக்கில் லாரியில் போகும் பெங்களூரா ரகத்தின் விலை, அதாவது கிளிமூக்கு. உங்கள் பெட்டியில் வருவது பங்கனப்பள்ளியும் அல்போன்சாவும். காம்போடு பறித்து, பால் வடியவிட்டு, அடிபட்டதைக் கழித்து அடுக்குகிறோம். அதனால் இந்த வாரமும் நம் விலை போன வாரத்து விலைதான். ஆனால் செய்தியில் இருப்பது உண்மை. பக்கத்துத் தோட்டங்களில் பறிகூலி கூடக் கட்டவில்லை.”

செய்தியில் இல்லாத, தோட்டக்காரருக்கு மட்டும் தெரிந்த விஷயம் இதில் இருக்கிறது. மாம்பால் வடியவிடுவது பற்றிப் பேப்பரில் வராது. “வாங்க, வாங்க” என்ற கூவலும் கிடையாது. கடைசி இரண்டு வாக்கியத்தை விட்டுவிடலாமே என்று தோன்றும். விட்டால் வெறும் சமாளிப்பாகத் தெரியும். ஒன்று, அது நடந்தால் மட்டுமே எழுதுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் அப்படி இல்லையென்றால் உள்ளதை எழுதுங்கள்.

சீசன் இல்லாத மாதங்களில் இன்னும் சுலபம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பூக்கும் காலம். அப்போது மழை வரும் என்று வானிலை மையம் சொன்னால், அந்த லிங்க்கோடு உங்கள் மரத்துப் பூங்கொத்தின் போட்டோ ஒன்றையும் போட்டு, “இந்த மழை நின்று பெய்தால் பூ கொட்டும், சாம்பல் நோய் வரும். இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று எழுதுங்கள். அந்த இரண்டு நாளுக்கு அவர்களும் நம் தோட்டத்தைப் பற்றிக் கவலைப்படுவார்கள். இதைவிட நல்ல விளம்பரம் எனக்குத் தெரியாது.

படி 6: யாருடையது என்று சொல்லுங்கள்

பத்திரிகையின் அல்லது நிறுவனத்தின் பெயரையும் லிங்க்கையும் கட்டாயம் போடுங்கள். முழுக் கட்டுரையையும் காப்பி செய்து ஒட்டுவது, பேப்பரின் பிடிஎஃப்பை அப்படியே அனுப்புவது, அடுத்தவர் எடுத்த போட்டோவில் நம் லோகோவை ஒட்டுவது எல்லாம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் போய் மாட்டிவிடும் வேலை. போட்டோவுக்கு உங்கள் போனில் எடுத்ததே போதும். வேறொருவரின் வீடியோ பிடித்திருந்தால் டவுன்லோடு செய்து ஏற்றாதீர்கள், லிங்க்கைக் கொடுங்கள்.

படி 7: எங்கே, எப்போது போடுவது

குரூப் வேண்டாம், ஒருவர் “நன்றி” போட்டால் எல்லாருடைய போனும் அடிக்கும். பிராட்காஸ்ட் லிஸ்ட் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒவ்வொருவருக்கும் தனி மெசேஜாகப் போகும். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேவ் செய்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். அதனால் பெட்டி அனுப்பும்போதே, “நம்பரை சேவ் பண்ணிக்கோங்க” என்று ஒரு துண்டுச் சீட்டு உள்ளே வையுங்கள்.

சீசன் இல்லாதபோது மாதம் இரண்டு பிராட்காஸ்ட் போதும். சின்னச் சின்ன விஷயங்களை ஸ்டேட்டஸில் போடலாம், 24 மணி நேரத்தில் அதுவாகப் போய்விடும். யார் பார்த்தார்கள் என்று அதிலேயே பெயர் தெரிவதால், எது எடுபடுகிறது என்பதை இரண்டு மாதத்தில் கண்டுகொள்வீர்கள். கூகுளில் உங்கள் கடை பதிவாகி இருந்தால் அதே நாலு வரியை அங்கேயும் அப்டேட்டாகப் போட்டுவிடுங்கள்.

“எனக்கு அனுப்ப வேண்டாம்” என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேட்காமல் அன்றைக்கே லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் அவர் பிளாக் செய்து ரிப்போர்ட் அடிப்பார். அப்படி நிறையப் பேர் செய்தால் வாட்ஸ்அப் நம்பரையே முடக்கிவிடும். மே மாதம் நடுவில் அது நடந்தால், கட்டி வைத்த பெட்டிகளை மண்டியில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.