ஸ்கேன் நார்மல், ஆனால் தலைசுற்றல் மட்டும் போகவில்லை: சைக்கிளில் விழுந்தவர்களுக்கு

சிடி ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், ஆனால் வாரக்கணக்கில் தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சம் பட்டால் கண் கூசுவது, படித்தது எதுவும் மண்டையில் நிற்காதது எல்லாம் அப்படியே இருக்கிறதா? நீங்கள் நடிக்கவில்லை. ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும்தான், குலுங்கிய மூளை வேலை செய்வதில் வரும் தடுமாற்றம், அதாவது மூளை அதிர்ச்சி (கன்கஷன்), அதில் தெரியாது.

ஆனால் வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வலிப்பு வந்தாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டாலோ உடனே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.

மற்றபடி, இருட்டறையில் படுத்துக் கிடப்பது வைத்தியம் இல்லை. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு போதும், அப்புறம் மெல்ல நடக்க ஆரம்பிக்கலாம். அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜான் லெடி குழுவினர் டிரெட்மில் சோதனை வைத்துக் காட்டிய வழி இதுதான்: எந்த இதயத்துடிப்பில் தொந்தரவு கூடுகிறது என்று டாக்டரோ பிசியோவோ பக்கத்தில் இருக்கும்போது பார்த்துக்கொள்ள வேண்டும், அதில் 80 முதல் 90 சதவீதத்துக்குள் தினமும் 20 நிமிடம் உடற்பயிற்சி. உங்களுக்கு 140-இல் தலை கனக்கிறது என்றால் 112-லிருந்து 126 வரை. சைக்கிள் ஓட்டுபவர்களிடம் பெரும்பாலும் ஹார்ட்ரேட் பட்டை ஏற்கெனவே இருக்கும், அதை மாட்டிக்கொண்டு ஜிம்மில் நிற்கும் சைக்கிளை மிதியுங்கள். வேகம், வாட் (மிதிக்கும் சக்தி), ஸ்ட்ராவா (ஓட்டியதைப் பதிவுசெய்யும் ஆப்) எதையும் பார்க்காதீர்கள், அந்த ஆசைதான் பாதிப் பேரைக் கெடுக்கிறது. தொந்தரவை 10-க்கு எவ்வளவு என்று குறித்து வையுங்கள்: முன்பு இருந்ததைவிட 2 வரை கூடி ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தால் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் குறைத்துச் செய்யுங்கள்.

படுக்கையில் புரளும்போது மட்டும் அறை சுழல்கிறதா? அது உள்காதில் துகள்கள் இடம் மாறியதாக இருக்கலாம், தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பியே சரிசெய்துவிடுவார்கள். பின்னந்தலை வலி கழுத்திலிருந்தும் வரும், விழும்போது கழுத்தும்தானே வெட்டி இழுக்கிறது. இரண்டையும் பிசியோவிடம் தனித்தனியாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள், அதற்கும் மேல் போட்டுக்கொண்டே இருந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும்.

வேலைக்கு அரை நாளாகப் போய்த் தொடங்குங்கள், தூங்கி எழும் நேரத்தை மாற்றாதீர்கள், குடி வேண்டாம்.

ரோட்டுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். பல நாள் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் 2020-இல் பிரெஞ்சு வீரர் ரொமைன் பார்டே விழுந்து எழுந்து தள்ளாடியவர், அப்படியே அன்றைய ஓட்டத்தைக் கடைசி வரை ஓட்டி முடித்தார். பிறகுதான் மூளை அதிர்ச்சி என்று தெரிந்து போட்டியிலிருந்து விலகினார். தெம்பாக இருக்கிறது என்று தோன்றுவதை நம்ப முடியாது, தொந்தரவு முழுக்கத் தணிந்து டாக்டரும் சரி என்ற பிறகே ஏறுங்கள். விழுந்தபோது போட்டிருந்த ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான்.