வாய்க்காலுக்கு அங்கால பள்ளிக்கூடம்: ஊர்ப்பாதையை அளந்து பாக்கிறது எப்பிடி

எங்கட படலையில நிண்டா பள்ளிக்கூட மணி வடிவாக் கேக்கும், ஆனா பிள்ளையள் போறதுக்கு சைக்கிள்ல ரெண்டு கி.மீ. கிட்டச் சுத்தோணும், நடுவில வாய்க்கால், பாலம் சந்தியடியில மட்டும்தான். வன்னியில குடியேற்றத் திட்டமா வந்த ஊருகள் கனக்க இப்பிடித்தான், வாய்க்காலைப் பாத்துக் காணி வெட்டினவை, நடக்கிற சனத்தை ஆர் நினைச்சது. ஜீ.எஸ் எண்டுற கிராம சேவகரிட்டயும் பிரதேச சபையிலயும் "ரோட்டு சரியில்லை" எண்டா கிரவல் கொட்டுறதைப் பற்றித்தான் கதைப்பினம், எங்கட பிரச்சினை கிரவல் இல்லை, தொடுப்பு இல்லாததுதான், அதை இலக்கத்தில காட்டோணும். ஃபோன், கொப்பி, சைக்கிள், ரெண்டு மூண்டு பின்னேரம் இருந்தாக் காணும்.

முதல்ல ஆறேழு படலையைத் தெரிவு செய்யுங்கோ, ஊரின்ர எல்லாப் பக்கத்திலயும், உங்கட சொந்தக்காரர் வீடா எடுக்காம. பிறகு சனம் போற இடங்கள்: பள்ளிக்கூடம், சங்கக்கடை, பஸ் நிக்கிற இடம், கோயில். கூகுள் மேப்பில படலையில விரலை அமத்திப் பிடிச்சாப் புள்ளி விழும், அதில தூரம் அளக்கிற ஒப்சன் இருக்கு, நேர்க்கோட்டுத் தூரத்தை எழுதி வையுங்கோ.

அடுத்தது உண்மையாப் போற தூரம். ஜிபிஎஸ் மரத்துக்குக் கீழ கொஞ்சம் ஆடும், நான் நம்புறது சைக்கிள் சில்லை. டயரிலயும் நிலத்திலயும் சோக்கால ஒரு கோடு போட்டு, ஒரு சுத்து உருட்டி டேப்பால அளங்கோ, 28 இஞ்சிப் பழைய சைக்கிள் எண்டா 2.2 மீட்டர் அளவில வரும். கம்பியில சிவப்புத் துணி கட்டி உருட்டிக்கொண்டு எண்ணிப் போங்கோ, 100 சுத்துக்கு ஒரு கோடு கொப்பியில. சனம் "என்ன தம்பி, காத்துப் போட்டுதோ" எண்டு கேக்கும், நிண்டு பதில் சொல்லுங்கோ, அப்பிடிக் கேட்டவைதான் எனக்கு குறுக்கால போற வேலிப் பொட்டு எல்லாம் காட்டினவை. ஆளில்லாத பத்தைக்குள்ளயோ கண்ணிவெடி போர்ட் நிக்கிற பக்கமோ இறங்கிப்போடாதேங்கோ, அளவு தேவையில்லை.

இப்ப போற தூரத்தை நேர்த்தூரத்தால பிரியுங்கோ. சதுரம் சதுரமா ரோட்டு வெட்டின ஊரில எவ்வளவு மோசமா வந்தாலும் 1.41 தான் வரும், 1.5க்கு மேல போனா சுத்திப் போறீங்கள் எண்டு வையுங்கோ. எங்கட படலையில நேர 600 மீட்டர், ரோட்டால 1.9 கி.மீ., 3ஐயும் தாண்டுது. எல்லாத்தையும் கூட்டிச் சராசரி எடுத்துத் திருப்திப்படாதேங்கோ, ஆகக்கூடின படலையைத்தான் பாக்கோணும்.

ஆனா பாருங்கோ, வாய்க்காலுக்கு மேல ஆரோ ஒரு பனங்குத்தி போட்டிருக்கு. மேல்பக்கம் மிதிபட்டு வழுவழு எண்டு கிடக்கு, பிள்ளையள் ஒராள் சைக்கிளைத் தோளில தூக்க மற்றது புத்தகப் பையைப் பிடிக்குது. அதால போனா 750 மீட்டர், 1.25. மேப்பில அந்தக் குத்தியும் இல்லை, வேலிப் பொட்டும் இல்லை. அதால படலையும் போற இடமுமா வாற ஒவ்வொரு சோடிக்கும் ரெண்டு கணக்கு வையுங்கோ, பனங்குத்தியோட ஒண்டு, இல்லாம ஒண்டு. மாரியில ஒருக்கா, கோடையில ஒருக்கா எண்டு நினைச்சால் அதுவும் பிழை, சிறுபோகத்துக்குத் தண்ணி திறந்தா கோடையிலயும் வாய்க்கால் நிறைஞ்சுதான் ஓடும், ஆகவே தண்ணி பூட்டின நாளிலயும் அளங்கோ, திறந்த நாளிலயும் அளங்கோ, திகதியை எழுதுங்கோ.

ரோட்டின்ர அமைப்பைப் பாக்க இன்னொரு சின்னக் கணக்கு. சந்தியளையும் முட்டுச்சந்து முனையளையும் புள்ளி எண்டு எண்ணுங்கோ, புள்ளிக்குப் புள்ளி இடையில இருக்கிற ரோட்டுத் துண்டை அதால பிரியுங்கோ. ஒரு நேர் ரோட்டு, அதில ஒரே பக்கமா 6 முட்டு ஒழுங்கை எண்டா, ரோட்டின்ர ரெண்டு முனையும் சேத்து 14 புள்ளி, 13 துண்டு, 0.93 தான். ஒழுங்கை முனையளை ஒண்டோட ஒண்டு நடைபாதையாத் தொடுத்தா 5 துண்டு கூடி 18, அதே 14 புள்ளி, 1.29. 1.4 வந்தா நல்லது எண்டுதான் பொதுவாச் சொல்லுறவை, சதுரமா வெட்டின டவுண் 2க்குக் கிட்ட நிக்கும்.

சைக்கிளுக்கு தூரம் மட்டும் காணாது. அமெரிக்காவில சான் ஹொசே நகரத்தை வைச்சு 2012இல ஒரு கணிப்பு முறை உருவாக்கினவை, ரோட்டை பயத்தின்ர அளவில 1 தொடக்கம் 4 வரை பிரிக்கிறது, பிள்ளையளை விடலாம் எண்டா 1, துணிஞ்ச ஆளுக்கு மட்டும் எண்டா 4, போற வழியில ஆகக் கெட்ட இடம் எதுவோ அதின்ர இலக்கம்தான் முழு வழிக்கும். டிப்பர் பறக்கிற நேரம் ஏ9 பெருந்தெருவைக் கடக்கிற பிள்ளைக்கு உள்ளொழுங்கை எவ்வளவு அமைதியா இருந்தென்ன.

கடைசியா, பள்ளிக்கூடத்தில இருந்து 800 மீட்டர் வட்டம் போடுங்கோ, பத்து நிமிச நடை. வட்டத்துக்குள்ள இருக்கிற வீட்டில உண்மையா 800 மீட்டருக்குள்ள நடந்து சேரக்கூடியது எத்தினை எண்டு எண்ணுங்கோ. நடைபாலம் கேக்கப் போறதெண்டா நினைச்சிருக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் இதே எண்ணிக்கையைத் திரும்பப் போட்டுப் பாருங்கோ. நாங்கள் ஆகக்கூட வீடு சேருறது பனங்குத்தி கிடக்கிற இடத்திலதான் எண்டு நினைச்சம், வந்தது கோயில் பின்வீதி, ஆனா அங்க ஒரு காணிக்குள்ளால ஒழுங்கை திறக்கோணும். இப்ப காணிக்காரரோட கதைச்சுக்கொண்டிருக்கிறம், 4 அடி விட்டாக் காணும்.