பிள்ளையின் கைப்பேசியைப் பிடுங்கும் முன்

பதின்பருவப் பிள்ளையிடமிருந்து கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதைவிட, அருகில் அமர்ந்து அதன் அமைப்புகளைச் சேர்ந்து பார்ப்பது பலன் தரும். இன்ஸ்டாகிராமில் 2024இல் அறிமுகமான பதின்பருவக் கணக்குகளில், முன்பின் தெரியாதவர்கள் பதிவுகளைப் பார்க்க முடியாது. இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்புகள் ஒலிக்காது. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இக்கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். வயதைக் கூட்டிக் கொடுத்துக் கணக்குத் தொடங்கியிருந்தால் (இது அரிதான செயலன்று) இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம் என்பதால், முதலில் பிறந்த தேதியைச் சரிபாருங்கள். திட்டாமல் கேட்டால் உண்மை வெளிவரும். இரவில் உங்களுடையது உட்பட எல்லாக் கைப்பேசிகளும் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஏறட்டும். யாரேனும் படம் கேட்டு மிரட்டினால், உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து உடனே உங்களிடம் காட்டும்படி இன்றே சொல்லி வையுங்கள்.