பித்தப்பைக் கற்களை ஸ்கேனில் தவறவிடாதிருக்க

பித்தப்பையை அல்ட்ராசவுண்டில் பார்ப்பதற்கு முன், நோயாளி குறைந்தது 6 மணி நேரம் உணவு உண்ணாமல் இருந்தாரா என்பதை நீங்களே கேட்டு உறுதிசெய்யுங்கள். உண்டபின் பை சுருங்கி, அதன் சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்ததுபோலத் தோன்றி, இல்லாத அழற்சியை இருப்பதாக எண்ண வைக்கும்.

வயிற்றுக்குரிய வளைந்த புரோபில் (உடல்மேல் வைத்து ஒலியை அனுப்பிப் பெறும் கருவி), உடல்வாகு இடம்கொடுக்கும் அளவுக்கு உயர்ந்த அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுத்து, ஒலிக்கற்றை மிகக் குறுகும் இடமான குவியத்தைக் கல் இருக்கும் ஆழத்திலேயே வையுங்கள். சிறிய கல்லைக் காட்டிக்கொடுப்பது அதன் பின்னால் விழும் கரிய நிழல்தான். ஒலிக்கற்றை கல்லைவிட அகலமாக இருந்தால், பக்கவாட்டில் நுழையும் ஒலி அந்த நிழலை நிரப்பிவிடும். பல கோணப் படங்களை ஒன்றுசேர்க்கும் காம்பவுண்டிங் வசதியும் நிழலை மங்கச் செய்வதால், ஐயம் எழும்போது அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் கெயினை மிகையாக உயர்த்தினால் பித்தநீருக்குள் பொய்ப் புள்ளிகள் தோன்றி, கெட்டியாகப் படிந்த பித்தச் சேறுபோலக் காட்டும்.

எனினும், இந்த அமைப்புகள் அனைத்தையும்விட நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்துப் பார்ப்பதே முக்கியம் என்று நான் கருதுகிறேன். இடப்பக்கமாகப் படுக்கவைத்து, மூச்சை நன்றாக உள்ளிழுத்து நிறுத்தச் சொன்னால், கல்லீரலோடு பித்தப்பையும் கீழிறங்கி, விலா எலும்புகளின் மறைப்பிலிருந்து வெளிவரும். அப்போது கல் உருண்டு இடம் மாறும், சுவரில் ஒட்டிய பாலிப் எனும் சதைவளர்ச்சி மாறாது. பையின் கழுத்தில் சிக்கிய கல்லும் நகராது என்பதால், அந்த இடத்தை நெடுக்காகவும் குறுக்காகவும் பொறுமையுடன் தேடிய பின்னரே அறிக்கை எழுதுங்கள்.